குற்றமிலா உயிர்க்கு இன்னா செய்யாமை
(சைவப் பாடசாலை ஆசிரியர்க்கு ஒரு பாடக்குறிப்பு)

பிற உயிர்க்குத் தீங்கு செய்யலாகாது என்னும் அறத்தைக் கேளாத சைவப் பிள்ளை ஒருவனும் நம் நாட்டில் இலன். திருக்குறளிலே இன்னா செய்யாமை, கொல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. திருமந்திரத்து முதற்றந்திரத்திலும் கொல்லாமை ஒரு தலைப்பாக அமைந்துளது. இவற்றைச் சமய பாடத்திலும் தமிழ்ப் பாடத்திலும் ஓதுவிக்கின்றோம், பரீட்சையில் வினாவுகின்றோம், மாணாக்கர் பிழையற எழுதி நிறைந்த புள்ளியும் பெறுகின்றனர். ஆயினும் அவ்வறம் நெஞ்சில் வேரூன்றியதோ என்பது பரீட்சையால் விளங்குவதன்று. பாடசாலை விட்டதும் கெற்றப்போல் கொண்டு மாமரத்து அணிலை அடிப்பவனும் அவ்வதிகாரத்தை மனனஞ் செய்தவனே. அயலூரார்க்கு ஓர் இடர் நேர்ந்தது என்று கேட்டவுடன் “அவர்களுக்கு அது வேண்டும்” என்று சொல்லும் பெரியோனும் ஒருகால் அதனை மனனஞ் செய்தவனே.

இதற்குக் காரணம் யாது? அறத்தைப் பொதுப்படக் கூறி அவ்வளவில் அமைந்துவிடுகின்றோம். பொதுப்படக் கூறிய அறத்தை எவனும் மறுப்பதில்லை; தனக்கு வேண்டியவிடத்து ஒரு விலக்கை மாத்திரம் வைத்துக்கொள்கின்றான். அவ்விலக்குக்கள் பலவாகத் தோன்றினும் ஆராயுமிடத்து இரண்டாக அடங்கும். “அது வெறும் விலங்குதானே” என்பது ஒன்று. “அவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தானே” என்பது மற்றொன்று. முன்னையது வாயில்லா உயிரின் துன்பத்தைத் துன்பமென்று எண்ணாது விடுகின்றது. பின்னையது ஒருவன் செய்த குற்றத்தை அதனைச் செய்யாத மற்றொருவன் தலைமேல் ஏற்றுகின்றது. இவ்விரண்டனையும் மாணாக்கர் உள்ளத்தினின்று களைவதே இப்பாடத்தின் நோக்கமாகும். மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் கற்பிக்கும் நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் பாடமன்று என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

குற்றமின்மை யாது?

முதலிற் சொல்லின் பொருளைத் தெளிவித்தல் வேண்டும். குற்றம் செயலைப் பற்றியது. செயல் அதனைச் செய்தவனைப் பற்றியது. ஒருவன் பிறந்த குலமோ, பேசும் மொழியோ, வணங்கும் தெய்வமோ அவனைக் குற்றவாளி ஆக்குவதில்லை, குற்றத்தினின்று விடுவிப்பதுமில்லை. தந்தை பட்ட கடனை மகன் தீர்க்கலாம். தந்தை செய்த களவுக்கு மகனைச் சிறையிடலாகாது. இவ்வளவும் பத்து வயதுப் பிள்ளைக்கும் எளிதில் விளங்கும். வகுப்பில் ஒருவன் சத்தமிட்டதற்காக வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்தினால் அப்பிள்ளைகள் அடையும் மனக்கசப்பே இதற்குப் போதிய சான்று. ஆகலின் இப்பாடத்தைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர் அத்தகைய பொதுத்தண்டனையைத் தம் வகுப்பினின்று முதலில் நீக்குவாராக. கையினாற் செய்வதை வாயினால் மறுப்பவர் சொல்லைப் பிள்ளைகள் ஏலார்.

விலங்குகளைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பயிரை மேய்ந்த பசுவைக் “கள்ளமாடு” என்று ஏசுகின்றோம். அப்பசு வேலியின் கருத்தை அறியுமோ? உறுதி எழுதிய காணி இன்னாருடையது என்று அறியுமோ? அறியாதவிடத்துக் குற்றமும் இல்லை. அதனால் நமக்கு இழப்பு உண்டாகலாம். காவலும் வேலியும் வேண்டியனவே. தண்டனை என்பது அதற்குப் பொருந்தாது. விலங்கினம் முழுவதும் இப்பொருளிற் குற்றமிலா உயிர் என்பதே பாடத்தின் முதற்படி.

கீழ்வகுப்பு: வாயில்லா உயிர்கள்

கீழ்வகுப்புப் பிள்ளைகட்கு வீட்டு முற்றத்தினின்று தொடங்குக. கட்டிய நாய்க்கு நிழல் உண்டா, தாய்ப்பசுவின் மடியிற் கன்றுக்குப் பங்கு விடப்படுகின்றதா, கூட்டினின்று எடுத்த குஞ்சு எத்தனை நாள் உயிரோடிருந்தது என்று வினவுக. விடைகளை ஆசிரியர் கூறவேண்டா. பிள்ளைகளே கண்டு வந்து கூறட்டும். கச்சான் காற்று வீசும் கோடையிற் பாடசாலை வளவில் ஒரு சட்டியில் நீர் வைத்து அதிற் குடிக்க வரும் பறவைகளை எண்ணச் செய்தால், அது பல சொற்பொழிவினும் மேலான பாடமாகும்.

அதன்பின் யானையைப் பற்றிக் கூறலாம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளைகட்கு யானை படத்திற் கண்ட விலங்கன்று. இரவிலே வேலியை முறித்து வரும் அச்சம். அவ்வச்சத்தை ஆசிரியர் சிறிதாக எண்ணலாகாது. இலங்கையில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். வயலை இழந்தவனும் தந்தையை இழந்தவளும் நம் வகுப்பிலே இருப்பர். ஆயினும் ‘ஹக்க பட்டாஸ்’ எனப்படும் வாய்வெடியின் இயல்பை அவர்க்கு விளக்கல் வேண்டும். பூசணி முதலிய தீனிக்குள் வெடிமருந்தை மறைத்துக் காட்டில் இடுகின்றனர். பெரும்பாலும் பன்றிக்கென்று வைப்பதை யானைக்கன்று கடிக்கின்றது. வாயும் தாடையும் நாவும் சிதைகின்றன. அது உடனே இறப்பதில்லை; உண்ணவும் பருகவும் இயலாது பல நாள் அலைந்து பட்டினியால் வீழ்கின்றது. பயிரைக் காத்தல் உழவனது உரிமை. மின்வேலி, காவற்பரண், யானைவழியை அடைக்காது குடியேறுதல் என்பன அவ்வுரிமையைக் காக்கும் வழிகள். எவ்வுயிர் கடிக்குமென்று அறியாமலே வைத்துவிட்டு வரும் வெடியோ காவலாகாது. அது வைத்தவன் கண்காணாத கொடுமை.

இந்நாட்டிலே விலங்குவதையைத் தடுத்தற்கென்று 1907ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதிற் குறித்த உயர்ந்த தண்டப்பணம் நூறு ரூபாய். காலம் மாறிப் பணத்தின் பெறுமதி தேய்ந்த பின்னரும் பல்லாண்டாக அத்தொகை மாறாது கிடந்தது. சட்டம் உறங்கினும் மனச்சாட்சி உறங்காத பிள்ளைகளை வளர்த்தல் பாடசாலையின் கடன்.

இங்கே ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை. நம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் இருமருங்கிலும் வலைவீசி வாழுங் குடும்பங்கள் ஆயிரக்கணக்கின. கொல்லாமையைக் கற்பிக்கும் நாளில், தோணியில் விடியுமுன் சென்று வந்த தகப்பனின் பிள்ளை தலைகுனிந்து இருக்குமாயின் அவ்வாசிரியர் அறத்தைக் கற்பித்தவராகார். ஒரு குற்றமிலாப் பிள்ளைக்கு இன்னா செய்தவரே ஆவர். புலாலுண்ணாமை சைவத்தின் உயர்ந்த நெறி; அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அந்நெறியைக் குலம் இகழ்தற்குக் கருவியாக்குதல் சைவமன்று. அறுபத்துமூவரில் அதிபத்தர் நாகபட்டினத்துப் பரதவர், கண்ணப்பர் வேட்டுவர். சேக்கிழார் பெருமான் அவ்விருவரையும் ஏனையோருடன் ஒரே வரிசையில் வைத்துப் போற்றியுள்ளார். வயிற்றுக்காகப் பிடிப்பதும் விளையாட்டுக்காக வதைப்பதும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் அறிக. கரையோரப் பிள்ளைகளே இதனை நமக்குக் கூறவல்லர். குஞ்சுமீனையும் விடாது வாரும் சிறுகண் வலையையும், வெடிவைத்து மீன்பிடித்தலையும் பழைய மீனவர் எவ்வாறு வெறுத்தனர் என்று பாட்டனாரைக் கேட்டு வரச் செய்க. அளவறிதல் அவர் மரபிலும் உண்டு.

நடுவகுப்பு: கன்றும் வேந்தனும்

நடுவகுப்பு மாணாக்கர்க்கு மனுநீதிச் சோழன் சரிதத்தை எடுத்துக்கொள்க. பெரியபுராணத்திலே திருவாரூர்ச் சிறப்புக் கூறுமிடத்து இது வருகின்றது. அரசிளங்குமரன் தேரூர்ந்து செல்ல, ஒரு பசுவின் கன்று துள்ளிவந்து தேர்க்காலில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சிமணியைக் கோட்டால் அசைத்தது. அமைச்சர் கழுவாய் செய்து அமையலாம் என்றனர். அரசன் அதனை ஏலாது, பசு உற்ற துயரைத் தானும் உறுதலே முறை எனத் துணிந்தான். ஏவப்பட்ட அமைச்சன் அரசகுமரனைக் கொல்ல மாட்டாது தன்னுயிர் விட, வேந்தன் தானே தேரை ஊர்ந்தான். இறைவன் தோன்றிக் கன்றையும் குமரனையும் அமைச்சனையும் உயிர்ப்பித்தருளினான்.

இச்சரிதத்தை அரசனது பெருமையாக மாத்திரம் கற்பித்து விடுகின்றோம். இதனுள் இப்பாடத்துக்கு வேண்டிய மூன்று செய்திகள் உள. முதலாவது, கன்று பேசாது; மணியோ பேசிற்று. வாயில்லா உயிரின் முறைப்பாட்டைக் கேட்டற்கு அரசு ஒரு வழி வைத்திருந்தது. இரண்டாவது, அமைச்சர் கூறியது நாம் முன்னே கண்ட விலக்கே: கன்றுக்கு அரசகுமரன் ஈடாகான் என்பது. வேந்தன் அவ்விலக்கைத் தள்ளினான். மூன்றாவது, அவன் பிறர் செய்த தீங்கை ஆராய்ந்தவனல்லன்; தன் வீட்டார் செய்த தீங்கை ஆராய்ந்தவன். பிறர் நமக்குச் செய்ததற்குக் கண்ணீர் விடுதல் எளிது. நம்மவர் பிறர்க்குச் செய்ததற்கு மணியோசை கேட்டு எழுந்து வருதல் அரிது. அந்த அருமையைப் பற்றியே நீதி என்னும் சொல் அவன் பெயரோடு ஒட்டிற்று.

இலங்கை மாணாக்கர்க்கு இதனோடு மற்றொரு செய்தியையும் கூறுதல் நன்று. சோழநாட்டினின்று வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்ட எல்லாளனைப் பற்றி இதே வரலாற்றை மகாவம்சம் உரைக்கின்றது. அங்கும் மணி உண்டு, கன்று உண்டு, தேர்க்காலால் மகனுக்குத் தண்டனை விதித்த தந்தையும் உண்டு. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு அவன் வீழ்ந்தவிடத்துச் சமாதி எழுப்பி, அவ்வழிச் செல்வோர் வணங்குமாறு விதித்தான் என்றும் அந்நூல் கூறும். பௌத்த துறவிகள் பாளிமொழியில் எழுதிய நூல், வேற்றுச் சமயத்தானும் பகையரசனுமாகிய ஒருவனை நீதிமான் என்று ஏற்றுக்கொண்டது. அறம் கூட்டத்தின் எல்லையைக் கடந்து நிற்கும் என்பதற்கு இதனினும் அணித்தாய சான்று யாது?

கன்றின் மணியோசை பழங்காலத்தோடு ஒழிந்ததன்று. மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவணை என்னும் மேய்ச்சற்றரைகளைப் பற்றிய வழக்கு மாணாக்கர் அறிந்ததே. வெளியிலிருந்து வந்தோர் அந்நிலங்களை உழுது பயிரிட, பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அறப்போராட்டந் தொடங்கினர். தம் மாடுகள் சுட்டும் வெட்டியும் வாய்வெடி வைத்துங் கொல்லப்பட்டன என்பது அவர் முறைப்பாடு. நிலம் யாருக்குரியது என்பதை நீதிமன்றம் ஆராயும். அவ்வழக்கிற் பசு எக்கட்சி? மனிதர் பிணக்கிலே பசுவின் காலை வெட்டுபவன், எதிரியைத் தண்டிப்பதாக எண்ணி எதிரியல்லாத உயிரைத் தண்டிக்கின்றான். வாய்வெடியை நம் உழவன் யானைக்கு வைப்பினும் பிறன் நம் மாட்டுக்கு வைப்பினும் வெடி ஒன்றே, கொடுமையும் ஒன்றே. இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்ல மாணாக்கன் பழகுவானாயின் நடுவகுப்புப் பாடம் நிறைவுற்றது.

“அது அவர்கள் வினை” என்னும் பிழை

மேல்வகுப்புக்குச் செல்லுமுன் சைவ ஆசிரியர் ஒரு தடையை நீக்கல் வேண்டும். மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, துன்பமெல்லாம் முன்வினைப் பயன் என்று கற்பித்தீர்கள். அவ்வாறாயின் துன்புற்றவர் குற்றமற்றவர் ஆவது எங்ஙனம்? அடித்தவன் அவர் வினையைத் தீர்த்தவனல்லனோ?” என்று வினாவுவான். வினாவாவிடினும் எண்ணுவான். வேற்றுச் சமயத்தாரும் நம்மை இதுவே கேட்கின்றனர்.

விடை சித்தாந்தத்திலேயே உளது. வினை சடம், தானே சென்று எவரையும் பற்றாது. அதன் பயனைக் கூட்டுபவன் இறைவன் ஒருவனே. மனிதனுக்கு அவ்வதிகாரம் அளிக்கப்படவில்லை. ஒருவனது சஞ்சிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, இன்ன நாளில் இன்ன துன்பம் இவனுக்கு உரியது என்று அறியவல்ல மனிதன் யார்? அறியாது கையை ஓங்குபவன் ஈட்டுவது புதிய ஆகாமியம். பட்டவன் வினை பட்டவனோடு. செய்தவன் வினை செய்தவனோடு. அன்றியும் துன்புற்றவனைக் கண்டு இரங்கி உதவுதலும் வினையே, நல்வினை. ஆகலின் வினைக்கொள்கை கொடுமைக்குச் சாட்டு ஆகாது. கொடுமை செய்தவன் எக்காலத்தும் தப்ப இயலாது என்பதே அதன் கருத்து. அதனைத் துன்புற்றவனை நோக்கிக் கூறலாகாது. செய்யப் புகுபவனை நோக்கியே கூறல் வேண்டும். இவ்வொரு விதியைக் கைக்கொண்டால் மயக்கம் நீங்கும்.

மேல்வகுப்பு: கண்ணகி வழிபாடும் நம் காலமும்

மேல்வகுப்புக்குச் சிலப்பதிகாரமே தக்க நூல். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசித் திங்களிற் கண்ணகையம்மனுக்குக் கதவுதிறந்து குளிர்த்தி பாடிச் சடங்கு நிறைவேற்றும் மக்கள் நாம். அக்காப்பியம் நம் மாணாக்கர்க்கு வாழும் வழிபாடு.

கோவலன் குற்றமிலான். சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். வேந்தன் ஆராயாது தண்டித்தான். குற்றமற்றவன் சாதற்கு வேந்தனது கொடுங்கோன்மைகூட வேண்டுவதில்லை. விசாரணை இன்மையே போதும் என்பது முதற்பாடம். பின்னர்க் கண்ணகி சினந்தாள். அச்சினம் நியாயமானது. எனினும் எரியை ஏவியபோதும் குழந்தைகளையும் முதியோரையும் பசுக்களையும் நல்லோரையும் தீண்டாதொழியுமாறு பணித்தாள் என்கிறது காப்பியம். நியாயமான சினத்துக்கும் எல்லை உண்டு என்பது இரண்டாம் பாடம்.

நுண்ணறிவுள்ள மாணவி ஒருத்தி, “அரசன் தவறினான், மதுரையில் ஏனையோர் என்ன செய்தனர்?” என்று வினாவக்கூடும். அவ்வினாவை அடக்கலாகாது. நம் முன்னோரும் அதனை உணர்ந்தனர் போலும். ஆகலினன்றோ ஆண்டுதோறும் அவ்வன்னையைக் குளிர்விக்கின்றோம். சினத்தைத் தெய்வமாகப் போற்றிய மரபே அச்சினம் ஆறவேண்டும் என்றும் வேண்டிநிற்கின்றது.

நூலின் முன்னே நிற்கும் உரைபெறு கட்டுரையில் மற்றொரு செய்தி உண்டு. நாம் பெரும்பாலும் வாசித்துக் கடந்துவிடும் செய்தி அது. வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினந் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்பதே அது. களவு செய்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். அவ்வாயிரவர் செய்த குற்றம் அத்தொழிலிற் பிறந்தமை. இவ்விடத்தில் ஆசிரியர் நூலை மூடி வைத்து, “அவருள் ஒருவனுக்கு உன் வயதாயின் அவன் என்ன கூறியிருப்பான்?” என்று கேட்பாராக.

இனி நம் காலத்துக்கு வருவோம். கீழ்க்காணும் நாட்களைக் காலவரிசைப்படியே கரும்பலகையில் எழுதுக.

1987 ஜூன் 2. அம்பாறை மாவட்டத்து அரந்தலாவையில், பேருந்திற் சென்ற பௌத்த பிக்குகளும் உடன்சென்றாருமாக முப்பதுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலார் இளந்துறவிகள்.

1990 ஒகஸ்ட் 3. காத்தான்குடியில் மீரா ஜும்ஆ, ஹுசைனியா என்னும் இரு பள்ளிவாசல்களிலும் இரவுத் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வியக்கத்தினராற் சுடப்பட்டு மாண்டனர். அவருட் சிறுவரும் இருந்தனர்.

1990 செப்டெம்பர் 9. சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 184 பேர் கொல்லப்பட்டனர். அவருட் பெண்டிரும் முதியோரும் குழந்தைகளும் இருந்தனர்.

1991 ஜூன் 12. கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவிற் குண்டுவெடித்து இராணுவத்தினர் இருவர் இறந்தனர். அதன்பின் படையினர் ஊருட் புகுந்து மக்களைக் கொன்றனர். விசாரணை ஆணைக்குழு கணக்கிட்ட தொகை 67.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் குண்டை வெடிப்பிக்க ஏறத்தாழ முப்பதின்மர் மாண்டனர். அவருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்.

இப்பட்டியல் முற்றுப்பெற்றதன்று, ஒவ்வோர் ஊரும் தன் நாளைச் சேர்க்கும். இந்த ஐந்து நாட்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், வெற்றிவேற் செழியன் கணக்கே எங்கும் காணப்படும். இளந்துறவி எச்சட்டத்தையும் இயற்றியவனல்லன். பள்ளிவாசலில் நின்ற சிறுவன் எவரையும் காட்டிக்கொடுத்தவனல்லன். சத்துருக்கொண்டான் குழந்தை துவக்கைக் கண்டதுமில்லை. மகிழடித்தீவு உழவன் அக்குண்டை வைத்தவனல்லன். சீயோனிற் கரம் குவித்த பிள்ளை உலகின் எம்மூலையிலும் எவர்க்கும் தீங்கு நினைத்ததில்லை. செய்தவனைத் தேடிப் பிடித்தல் கடினமாயிற்று. அவனைச் சேர்ந்தவன் எனப்பட்டவனைப் பிடித்தல் எளிதாயிற்று. எளியது நீதி எனப்பட்டது. 2019 மே மாதத்திலே வடமேல் மாகாணத்திற் குண்டுவைப்போடு தொடர்பில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதும் இக்கணக்கினாலேயே.

சீயோனைக் குறித்துச் சைவ ஆசிரியர்க்குத் தனியே ஒரு சொல். சமயமாற்றம் பற்றி நமக்கும் சில சபைகட்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. யான் இளமையிற் பயின்றது கிறித்தவ மிஷன் பாடசாலையில். மட்டக்களப்பில் அம்மிஷன் கல்விப்பணி 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் என்னும் பாதிரியாரால் தொடங்கப்பட்டது. சைவத்துக்கும் தமிழுக்கும் வாழ்வை ஈந்த விபுலாநந்த அடிகளும் மிஷன் பாடசாலைகளிற் பயின்றவரே. வாதம் செய்தற்கு நூலும் மேடையும் உள. ஒரு சமயத்தை மறுப்பதும் அச்சமயத்தானுக்கு நேர்ந்த இன்னாவைப் பொறுத்துக்கொள்வதும் வெவ்வேறு. அப்பிள்ளைகளின் சாவை நம் பிள்ளைகளின் சாவென்று கருதாத சைவம், அன்பே சிவம் என்று சொல்லும் உரிமையை இழக்கும்.

கற்பிக்கும்போது கவனிக்க வேண்டியன

இப்பகுதியைப் பத்தாம் வகுப்புக்குக் கீழே கற்பிக்க வேண்டா. கொலையின் கோரத்தை விவரித்தல் வேண்டா. அது சிலர்க்கு அச்சத்தையும் சிலர்க்கு வெறியையும் உண்டாக்கும். எந்தப் பிள்ளையையும் எழுப்பி “உங்கள் வீட்டில் யார் இறந்தார்?” என்று கேட்கலாகாது. தானே கூற வந்த பிள்ளைக்குத் தனியே செவிகொடுக்க. செய்தவரைக் குறிக்குமிடத்து இயக்கம், படை, ஆள் என்று குறிக்குக. ‘தமிழர்’, ‘முஸ்லிம்கள்’, ‘சிங்களவர்’ என்று இனப்பெயராற் குறிக்கலாகாது. அவ்வொரு சொல்லிலேயே நாம் களைய முயலும் விலக்கு மீண்டும் முளைத்துவிடும்.

பெற்றோர் இரண்டு தடை கூறுவர். “நம்மவர் இறந்ததை நாமே கூறாவிடின் யார் கூறுவர்? அவர்கள் சாவையும் சேர்த்துக் கூறினால் நம் துயரம் சிறுத்துப் போகாதோ?” என்பது ஒன்று. நம்மவர் சாவை உரத்துக் கூறுக, ஆண்டுதோறும் விளக்கேற்றுக. பிறர் சாவைக் கூறுவதால் அது சிறுக்காது. தன் பக்கத்து வரவை மாத்திரம் எழுதிய ஏட்டை எந்த வணிகனும் கணக்கென்று ஏலான். இரு பக்கமும் எழுதியதற்கே நம்பிக்கை உண்டு. பிறர் சாவையும் கூறுபவன் தன் சாவைக் கூறும்போதே உலகம் செவிசாய்க்கும்.

“மன்னித்து மறந்துவிடு என்கின்றீரோ?” என்பது மற்றொன்று. இல்லை. குற்றம் செய்தவனைப் பற்றியது என்றால், செய்தவன் யார் என்று ஆராயவேண்டும் என்பதும் அதனுள் அடங்கும். மனுநீதி வேந்தன் மறக்கவில்லை, விசாரித்தான். கூட்டத்தின்மேற் பழிவாங்குபவனே உண்மையில் மறப்பவன். அவன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்ற ஆரவாரத்தில், சிலம்பைத் திருடிய கை எது என்பதை உலகம் மறந்துவிடுகின்றது. நீதி வேண்டுவோர் குற்றமற்றவரைக் காத்தாற்றான் குற்றவாளியைச் சுட்டிக்காட்ட இயலும்.

இப்பாடத்தை முடித்தபின் எழுத்துப் பரீட்சை வைத்தல் போதாது. ஒரு பயிற்சி தருக. ஒவ்வொரு மாணாக்கனும் ஒரு கிழமைக்கு, தன் காதில் விழும் பேச்சுக்களுள் ‘அவங்கள்’ என்னும் சொல் வரும் இடங்களைக் குறித்து வருவானாக. அச்சொல் எத்தனை இடத்தில் ஒருவனைக் குறித்தது, எத்தனை இடத்தில் ஓரூரை அல்லது ஓரினத்தைக் குறித்தது, அவ்வினத்தில் அவன் நேரிற் பழகியவர் எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுதட்டும். இதனை வீட்டிலும் தேநீர்க்கடையிலும் பேருந்திலும் செய்யலாம். ஆசிரியர் அறையிலும் செய்யலாம். குறிப்பேடு திருத்தும்போது புள்ளியிட வேண்டா; வாசித்துக் கையொப்பமிட்டாற் போதும்.

சத்துருக்கொண்டான் பிள்ளை காத்தான்குடி நாளையும், காத்தான்குடிப் பிள்ளை சத்துருக்கொண்டான் நாளையும் தன் ஊர் நாளைக் கூறும் அதே குரலிற் கூறும் காலத்தில் இப்பாடம் நடந்தேறியது என்று கொள்ளலாம். அதுவரை அதிகாரங்களை ஓதுவிப்போம். நீர்ச்சட்டியை நிரப்பி வைப்போம். வகுப்பறையில் எழும் எவ்வினாவையும் அடக்காதிருப்போம்.

திருச்சிற்றம்பலம்.